டீக்கடையில் பிறந்த கம்ப்யூட்டர்

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். கணக்கு வழக்கு, சம்பளப் பட்டியல், ஆர்டர் எடுக்கிறதுன்னு அன்றாட ஆபீஸ் வேலைக்கு உலகத்துலேயே முதன்முதலா கம்ப்யூட்டரைத் தொடர்ந்து ஓட்டினது யாரு?

ஐபிஎம்னு சொல்றவங்க கையைக் கீழ போடுங்க. அமெரிக்க ராணுவம்? இல்லை. ஏதாவது பெரிய பேங்க்? அதுவும் இல்லைங்க. ஒரு டீக்கடை!

நம்மூர் பெஞ்சு, பாய்லர் டீக்கடை இல்லைதான். லண்டன்ல இருந்த ஜே. லயன்ஸ் அண்ட் கோ அப்படிங்கிற கம்பெனி. 1894-ல பிக்காடிலி தெருவுல முதல் டீக்கடையைத் திறந்தாங்க. அப்புறம் ஊர் ஊரா கிளை. உச்சத்துல இருந்தப்போ 200-க்கும் மேல கடைகள். கேக், பன், ரொட்டி எல்லாத்தையும் லண்டன் ஹேமர்ஸ்மித் பகுதியில கேட்பி ஹால்னு ஒரு பிரம்மாண்டமான இடத்துல தாங்களே சுட்டு, தினமும் எல்லாக் கடைக்கும் அனுப்புவாங்க.

இப்ப இந்த வியாபாரத்தோட கணக்கை யோசிச்சுப் பாருங்க. ஒரு டீ, ஒரு பன் வித்தா கிடைக்கிற லாபம் துக்குணூண்டு. ஆனா ஒவ்வொரு டீக்கும் ஒரு பில். ஒவ்வொரு பன்னுக்கும் எங்க சுட்டது, எந்தக் கடைக்குப் போனது, எவ்வளவு மிஞ்சினதுன்னு கணக்கு. லாபம் சில்லறை, காகிதம் மலை. அந்த மலையைக் கூட்டிக் கழிக்கவே நூத்துக்கணக்கான குமாஸ்தாக்கள். சரக்கை விட சரக்கோட கணக்குக்கு ஆகிற செலவு கையைக் கடிக்கும் போல ஒரு நிலைமை.

1923-ல ஜான் சிம்மன்ஸ்னு ஒரு கேம்பிரிட்ஜ் கணித மாணவரை வேலைக்கு எடுத்தாங்க. மனுஷன் கூட்டல் கழித்தலோட நிக்கலை. 'இந்த வேலையை ஏன் இப்படிச் செய்யறோம், இந்தச் சீட்டை யார் படிக்கிறா, படிக்கலைன்னா எதுக்கு எழுதறோம்'னு ஒவ்வொண்ணையும் நோண்டினார். 1930-களோட ஆரம்பத்துல கம்பெனிக்குள்ளேயே சிஸ்டம்ஸ் ரிசர்ச் ஆபீஸ்னு ஒரு தனிப்பிரிவு வந்துச்சு. வேலை நடக்கிற முறையை உக்காந்து பார்க்கிறது, தேவையில்லாத காகிதத்தை வெட்டறது, இதுதான் அவங்களுக்கு வேலையே. கம்ப்யூட்டர்ங்கிற வார்த்தைக்கு அன்னிக்கு, பெரும்பாலும் கணக்குப் போடற ஆளுன்னுதான் அர்த்தம். அந்தக் காலத்துலேயே இந்தப் பிரிவு இருந்ததுங்கிறதை மனசுல வெச்சுக்கோங்க. நான் சொல்ல வர்ற விஷயமே இதுல இருந்துதான் ஆரம்பிக்குது.

1947-ல லயன்ஸ் தன்னோட ரெண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிச்சு. பேரு ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்ட், ரேமண்ட் தாம்சன். அங்க ஆபீஸ் வேலையெல்லாம் எப்படி நடக்குதுன்னு பார்த்துட்டு வரத்தான். எனியாக் இயந்திரத்துல வேலை பார்த்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைனை பிரின்ஸ்டன்ல போய்ப் பார்த்தாங்க. பீரங்கிக் குண்டோட பாதையைக் கணக்குப் போடறதுக்காகக் கட்டின இயந்திரத்தை வெச்சு பன் கணக்குப் போட முடியுமான்னு யோசிச்சது, எனக்குத் தெரிஞ்சு பெரிய தைரியம்தான். கோல்ட்ஸ்டைன் உற்சாகமாப் பேசினார். கூடவே, 'உங்க ஊரு கேம்பிரிட்ஜ்லேயே மாரிஸ் வில்க்ஸ்னு ஒருத்தர் இந்த மாதிரி ஒண்ணு கட்டிட்டு இருக்காரே'ன்னும் சொல்லியிருக்கார். பக்கத்துத் தெரு சமாச்சாரத்தை அட்லாண்டிக் தாண்டிப் போய்த் தெரிஞ்சுக்கிட்டு வந்தாங்க :-)

கேம்பிரிட்ஜ்ல வில்க்ஸ் கட்டிக்கிட்டு இருந்த எட்சாக்குக்கு லயன்ஸ் 3,000 பவுண்டு கொடுத்துச்சு, எர்னஸ்ட் லெனார்ட்ஸ்னு தன்னோட ஆள் ஒருத்தரையும் உதவிக்கு அனுப்பிச்சு. 1949 மே 6-ம் தேதி எட்சாக் தன்னோட முதல் புரோகிராமை ஓட்டிக் காட்டிச்சு. உடனே லயன்ஸ் தானும் ஒண்ணு கட்டறதுன்னு முடிவெடுத்துச்சு. ஜான் பிங்கர்ட்டன்ங்கிற இளம் ஆராய்ச்சியாளர்தான் எஞ்சினியர். இயந்திரத்துக்குப் பேரு லியோ. லயன்ஸ் எலக்ட்ரானிக் ஆபீஸ்ங்கிறதோட சுருக்கம்.

சுமார் 6,000 வால்வு. பாதரசம் நிரப்பின நீளக் குழாய்கள்ல ஒலி அலையா ஓடிக்கிட்டே இருக்கிற நினைவகம். மொத்தக் கொள்ளளவு 10 கேபி கூடத் தேறாது. இன்னிக்கு காலையில குடும்ப வாட்சப் குரூப்ல வந்த 'இனிய காலை வணக்கம்' படத்தை அதுல பாதி கூட வெச்சிருக்க முடியாது.

இங்கதான் ஒரு சுவாரசியமான சிக்கல். எட்சாக் விஞ்ஞானிகளோட இயந்திரம். ரெண்டு மூணு எண்ணைக் கொடுத்துட்டு, 'யோசிச்சுச் சொல்லு'ன்னு விட்டுடலாம். மணிக்கணக்கா கணக்குப் போட்டு ஒரு பதிலைத் துப்பும். டீக்கடைக் கணக்கு அப்படியே தலைகீழ். கணக்கு என்னவோ நாலாங்கிளாஸ் கணக்குதான். ஆனா உள்ள போகிற தகவல் வண்டி வண்டியா இருக்கும், வெளிய வர்றதும் வண்டி வண்டியா இருக்கும். அதனால இயந்திரம் எவ்வளவு வேகமா இருந்தாலும், எண்களை ஊட்டறதுக்கே நேரம் போயிடும். லியோ டீம் இதுக்காக ஒரே சமயத்துல பல வழியா தகவலை உள்ள வாங்கற மாதிரி அமைப்பு செஞ்சாங்க. முதல்ல வெளியில ஒரு கம்பெனிகிட்ட காந்த நாடாவுல செய்யச் சொன்னாங்க, அது சரிப்பட்டு வரலை. காகித நாடா, பஞ்ச் கார்டுன்னு பழையதுக்கே திரும்பினாங்க. புதுசா இருக்குங்கிறதுக்காக ஒண்ணைக் கட்டிக்கிட்டு அழலை. இதையும் குறிச்சு வெச்சுக்கோங்க.

1951 நவம்பர்ல முதல் வழக்கமான வேலை. பேக்கரியில அந்த வாரம் சுட்ட ரொட்டி, கேக்கோட மதிப்பு என்னன்னு கணக்குப் போடறது. அமெரிக்காவுல இதே 1951-ல யூனிவாக் வந்தது உண்மைதான், ஆனா அது போனது மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கு. அங்க ஒரு தனியார் கம்பெனி கம்ப்யூட்டர் வெச்சு சம்பளக் கணக்குப் போட்டது 1954-ல, லூயிவில் ஊர்ல இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் தொழிற்சாலையில. டீக்கடை மூணு வருஷம் முந்திடுச்சு.

1954-ல லியோவும் சம்பளப் பட்டியலுக்கு வந்துச்சு. அனுபவம் வாய்ந்த ஒரு குமாஸ்தாவுக்கு 8 நிமிஷம் ஆன ஒரு ஆளோட சம்பளக் கணக்கை ஒன்றரை செகண்ட்ல முடிச்சுது. எல்லாரும் மேற்கோள் காட்டற எண் இது. எனக்கு என்னவோ இந்த வேகத்தை விட அதுக்கு முன்னாடி அவங்க செஞ்ச வேலைதான் பிடிச்சிருக்கு.

சம்பளம்ங்கிறது ஒரு நாள் தப்பினாலும் தொழிலாளி வீட்ல அடுப்பு எரியாத விஷயம். அதனால இயந்திரமும் குமாஸ்தாக்களும் ஒரே கணக்கைத் தனித்தனியா போட்டு, ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பார்த்த பிறகுதான் லியோகிட்ட பொறுப்பைக் கொடுத்தாங்க. ஒருத்தர் எழுதின புரோகிராமை இன்னொருத்தர் சரிபார்க்கணும். தினம் வேலை தொடங்கறதுக்கு முன்னாடி மின்னழுத்தத்தை வேணும்னே ஏத்தி இறக்கி, சாகப் போற வால்வுகளை முன்கூட்டியே சாகடிச்சு மாத்திடுவாங்க. நடுவுல இயந்திரம் நின்னுட்டா மொத்தத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்காம, எந்த இடத்துலேர்ந்து தொடரணும்கிறதையும் புரோகிராம்லேயே யோசிச்சு வெச்சிருந்தாங்க. இந்தக் கட்டுப்பாட்டுக்கெல்லாம் பின்னால இருந்தவர் டேவிட் கேமினர். கம்ப்யூட்டர் ஆள் இல்லை, லயன்ஸ் ஆபீஸ் ஆள். சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்ங்கிற வேலைக்கே முன்னோடின்னு அவரைச் சொல்றாங்க.

அதே வருஷம் இன்னொண்ணு வந்துச்சு. என்னைக் கேட்டா லியோவோட மாஸ்டர் பீஸ் அதுதான். டீக்கடை ஆர்டர். முன்னாடியெல்லாம் ஒவ்வொரு கடை மேனேஜரம்மாவும் நாளைக்கு என்னென்ன எவ்வளவு வேணும்னு முழு லிஸ்ட் எழுதி அனுப்பணும். லியோ டீம் என்ன பண்ணாங்கன்னா, 'திங்கட்கிழமைக்கு உங்க கடைக்கு வழக்கமா இது இது வேணும்'னு கிழமைவாரியா ஒரு நிரந்தர ஆர்டரை பஞ்ச் கார்டுல வெச்சுக்கிட்டாங்க. மத்தியானம் குறிப்பிட்ட நேரத்துக்கு தலைமை ஆபீஸ்லேர்ந்து போன் வரும். மேனேஜரம்மா மாற்றத்தை மட்டும் சொன்னா போதும். மழை வர்ற மாதிரி இருக்கு, ஐஸ்கிரீம் குறைச்சுக்கோங்க, சூப் கூட்டிக்கோங்க, அவ்வளவுதான். போன்ல கேட்டுக்கிட்டே ஆபரேட்டர் கார்டுல துளை போட்டுடுவாங்க. லியோ எல்லாக் கடையையும் கூட்டி, பேக்கரி எவ்வளவு சுடணும், எந்தக் கடைக்கு எவ்வளவு போகணும்னு அச்சடிச்சுக் கொடுக்கும். காலையில சரக்கு கடை வாசல்ல.

கவனிச்சீங்களா? மேனேஜரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம், வேலை குறைஞ்சது.

இதை எழுதினது யாருன்னு பார்த்தா இன்னும் ஆச்சரியம். கம்பெனிக்குள்ளேயே ஊழியர்களுக்கு ஒரு அறிமுக வகுப்பு நடத்தி, அதுலேர்ந்து ஆள் எடுத்தாங்க. 1952-ல அப்படி வந்தவங்கதான் மேரி கூம்ஸ். காலேஜ்ல படிச்சது பிரெஞ்சு. வணிகத்துக்காக புரோகிராம் எழுதின முதல் பெண்மணின்னு இன்னிக்கு அவங்களைக் கொண்டாடறாங்க, 2022-லதான் காலமானாங்க. இன்னொருத்தர் ஃப்ராங்க் லேண்ட். லயன்ஸ்ல கணக்குப் பிரிவு ஆளா இருந்து, பின்னாடி லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல பேராசிரியர் ஆனவர். நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சுட்டு உக்காந்திருக்கிற எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது, ஹி ஹி. அவங்களுக்கு பேக்கரி தெரியும். அந்த விவரத்தை வெளியிலேர்ந்து கொண்டு வர முடியாதே.

சரி, லண்டன் கதையெல்லாம் நமக்கெதுக்குன்னு கேட்பீங்க. நான் இதையெல்லாம் தேடித்தேடிப் படிச்சதுக்குக் காரணம் எங்க ஏரியா மளிகைக் கடை அண்ணாச்சி.

கம்ப்யூட்டர் படிச்ச பையன் தெருவுல ஒருத்தன் இருந்தா, பிரிண்டர் மக்கர் பண்றதுலேர்ந்து டிவி ரிமோட் வரைக்கும் அவன் தலையிலதான்ங்கிறது உங்களுக்கே தெரியும். அண்ணாச்சி ஒரு பில்லிங் மென்பொருள் வாங்கி மூணு மாசம் ஆகியிருந்தது. வித்தவங்க வந்து போட்டுக் கொடுத்துட்டு, அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்துட்டுப் போயாச்சு. ஒரு நாள் கூப்பிட்டு விட்டார்.

"தம்பி, கடன் பாக்கி எல்லாம் ஒரே ஆள் பேர்ல நிக்கி. இந்தப் பயலுக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிறலாம்னு பாக்கேன்."

பய அப்படின்னது கவுண்ட்டர்ல நிக்கிற பையனை. பத்தொன்பது வயசு இருக்கும், தலை குனிஞ்சு நின்னான். நான் பார்த்தா உண்மையிலேயே எண்பதாயிரத்துக்கும் மேல கடன் ஒரே வாடிக்கையாளர் பேர்ல. மொபைல் எண் ஒன்பது பத்து தடவை!

விஷயம் என்னன்னா, அந்த மென்பொருள்ல கடன் எழுதணும்னா மொபைல் எண் கட்டாயம். அண்ணாச்சி கடையோட பழைய நோட்டுல யாருக்கும் எண்ணும் கிடையாது, முழுப் பேரும் கிடையாது. 'பச்சை கேட் அம்மா', 'மாடி வாத்தியார்', 'தையக்காரர் மருமவ'. முப்பது வருஷமா அப்படித்தான் ஓடுது, ஒரு கடனும் மாறிப் போனதில்லை. தையக்காரர் மருமகள் சின்னப் பொண்ணை அனுப்பி அரைக்கிலோ துவரம்பருப்பு வாங்கினா, அந்தக் குழந்தைகிட்ட என்ன மொபைல் எண் கேட்கிறது? வரிசையில ஆறு பேர் நிக்கிறாங்க. பையன் ஒன்பதைத் தட்டிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான். அவன் இடத்துல நான் நின்னாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன், நீங்களும்தான்.

நல்ல வேளை, பையன் வேற ஒண்ணு பண்ணியிருந்தான். ஒவ்வொரு பில்லுலயும் குறிப்புன்னு இருந்த கட்டத்துல, 'பச்சை கேட்', 'மாடி'ன்னு தட்டி வெச்சிருந்தான். யாரும் சொல்லிக் கொடுக்கலை. அதை வெச்சு ரெண்டு ராத்திரி உக்காந்து கடனைப் பிரிச்சோம். அப்புறம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு எண் கொடுத்து, பேரு இருக்கிற இடத்துல 'பச்சை கேட் அம்மா'ன்னே போட்டோம். அண்ணாச்சி நோட்டையும் பில்லையும் ஒத்துப் பார்த்துட்டுப் பையனைப் பார்த்தார். "நீ எழுதி வச்சதாலதாம்ல தப்பிச்சோம்" என்றார். அவன் இன்னும் அங்கதான் இருக்கான்.

பையனுக்குக் கம்ப்யூட்டர் தெரியலைன்னு எல்லாரும் முடிவு கட்டியாச்சு. கம்ப்யூட்டருக்குக் கடை தெரியலைங்கிறதை யாரும் யோசிக்கலை. லயன்ஸ்காரங்க கம்ப்யூட்டர் வாங்கறதுக்கு முன்னாடி இருபது வருஷம் தங்களோட வேலையை உக்காந்து பார்த்தாங்க. நாம முதல்ல வாங்கிடறோம், அப்புறம் கடையை அதுக்கேத்த மாதிரி வளைக்கப் பார்க்கிறோம். வளையலைன்னா கல்லாவுல நிக்கிற பையன் மேல பழி.

அதனால, சொந்தத்துல நட்புல கடை வெச்சிருக்கிறவங்க யாராவது உங்ககிட்ட யோசனை கேட்டா, லியோகிட்டேர்ந்து நான் உருவிக்கிட்ட சில விஷயங்களைச் சொல்லுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு முழு நாள் கல்லா பக்கத்துல உக்காந்து என்ன நடக்குதுன்னு எழுதுங்க. கடன், சில்லறை பாக்கி, திருப்பிக் கொடுத்த சரக்கு, பாதிப் பணம் கையில பாதி யூபிஐ-ல கொடுக்கிறவர், எல்லாம். அந்த லிஸ்ட்டை வெச்சு, 'இதைப் போட்டுக் காட்டுங்க'ன்னு விக்க வர்றவர்கிட்ட கேளுங்க. அவர் கொண்டு வர்ற டெமோவைப் பார்த்துத் தலையாட்டாதீங்க.

டெமோ நடுவுல, ஒரு பில் பாதி போட்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்க. நிஜமாத்தான் சொல்றேன். திரும்பப் போட்டா அந்தப் பில் என்ன ஆச்சுன்னு பாருங்க. கரண்ட் போறதுக்கு எப்பவும் கடையோட பிஸியான நேரம்தான் பிடிக்கும். 1950-கள்லேயே யோசிச்ச விஷயம் இது.

குறைஞ்சது ஒரு மாசம் பழைய நோட்டும் புது மென்பொருளும் சேர்ந்தே ஓடட்டும். ராத்திரி கடை சாத்தும்போது ரெண்டு மொத்தமும் ஒத்துப் போகணும். ரெட்டை வேலைன்னு சலிச்சுப்பாங்க. சலிச்சுக்கட்டும்.

தினம் ஒரு நகல் வெளி டிரைவ்ல எடுங்க, எடுத்ததும் கழட்டி வெச்சிடுங்க. சொருகியே வெச்சிருந்தா வைரஸ் வர்ற அன்னிக்கு அதுவும் சேர்ந்து போயிடும். இன்னொரு நகல் கடைக்கு வெளியில, வீட்டுலயோ கிளவுட்லயோ இருக்கட்டும். மாசம் ஒரு தடவை அந்த நகலை வேற மெஷின்ல திறந்து பாருங்க. திறக்காத பேக்கப்பும் இல்லாத பேக்கப்பும் ஒண்ணுதான்.

மொத்தக் கணக்கையும் எக்செல் கோப்பா வெளிய எடுக்க முடியுமான்னு பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க. நாளைக்கு வேற மென்பொருளுக்கு மாறணும்னா, உங்க கணக்கு உங்க கையில இருக்கணும்.

கடைசியா, கவுண்ட்டர்ல நிக்கிறவங்களைக் கேளுங்க. முதலாளிக்குத் தெரியாத பாதிக் கடை அவங்களுக்குத் தெரியும். லயன்ஸ் தன்னோட குமாஸ்தாக்கள்லேர்ந்துதான் புரோகிராமர்களை எடுத்துச்சு.

லியோ என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டா கதை முடியாது. 1954-ல லியோ கம்ப்யூட்டர்ஸ்னு தனிக் கம்பெனியே ஆரம்பிச்சு மத்தவங்களுக்கும் செஞ்சு வித்தாங்க. முதல் லியோ 1965 ஜனவரியில ஓய்வு பெற்றது. அதுக்கு முன்னாடியே, 1963-ல, கம்பெனி இங்கிலீஷ் எலக்ட்ரிக்கோட சேர்ந்துடுச்சு. இணைப்பு மேல இணைப்பாகி 1968-ல ஐசிஎல்லுக்குள்ள கரைஞ்சு போச்சு. லயன்ஸையும் 1978-ல அல்லைடு ப்ரூவரீஸ்னு ஒரு மதுபானக் கம்பெனி வாங்கிடுச்சு. ஐபிஎம் அளவுக்குப் பணமோ, விக்கிற சாமர்த்தியமோ டீக்கடைக்காரங்ககிட்ட இல்லை. அவங்ககிட்ட இருந்தது, தான் செய்யற வேலையைப் பத்தின முழு விவரம். அது இருந்ததாலதான் யாருக்கும் தோணாதது அவங்களுக்குத் தோணிச்சு.

டிஸ்கி: பிளக்கைப் பிடுங்கச் சொன்னது விக்க வர்றவரோட மெஷின்ல. உங்க கடை மெஷின்ல பிடுங்கிட்டு என்னைத் தேடி வராதீங்க மக்கா :-)